எங்கள் விடுதித் தேர்வுக் குழு!

இரவுச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் விடுதி மாடிப்படியில் ஒரு கூட்டம் கூடும். பரீட்சை பற்றிப் பேச அல்ல, நண்பர்களே! இந்திய டெஸ்ட் அணியில் யாரை வைத்துக்கொள்வது, யாரைத் தூக்குவது என்று முடிவு செய்ய! தலைவர், சிவில் துறை நண்பர். புள்ளிவிவரம் ஒப்பிக்க ஒரு எலக்ட்ரிகல்காரன். மெஸ் அண்ணன்கூடப் பாத்திரம் கழுவிக்கொண்டே, "அவனுக்கெல்லாம் சான்ஸே குடுக்கக்கூடாது தம்பி" என்று ஓட்டுப் போடுவார்.

குழுவுக்கு வேலையும் குறைவில்லை. 2013 முதல் சொந்த மண்ணில் வரிசையாகப் பதினெட்டு தொடர்களை வென்ற அணி நம்முடையது. 2024 அக்டோபரில் நியூசிலாந்து வந்தது. பெங்களூரில் 46 ரன்னுக்கு ஆல் அவுட். தொடர் 0-3! அடுத்து ஆஸ்திரேலியா போய் 1-3. அந்தத் தொடரின் நடுவிலேயே நம்ம அஸ்வின் 537 விக்கெட்டோடு விடைபெற்றார். 2025 மே மாதம் ரோகித்தும் கோலியும் அடுத்தடுத்து ஓய்வு. ஒரே வருஷத்துக்குள் வீட்டுப் பெரியவங்க மூணு பேர் கிளம்பிப் போன மாதிரி ஆகிவிட்டது.

கில் தலைமையில் இளைஞர்கள் இங்கிலாந்து போனபோது, "அஞ்சுக்கு அஞ்சும் அவுட்" என்று எங்கள் குழு தீர்ப்பு எழுதியது. நடந்ததோ வேறு. கில் ஒருவரே 754 ரன். தொடர் 2-2.

அந்தத் தொடரில்தான் எங்கள் குழுவின் லட்சணம் தெரிந்தது. 2025 ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஓவல் மைதானத்தில் ஹாரி புரூக் 19 ரன்னில் இருக்கும்போது கேட்ச் பிடித்த சிராஜ், எல்லைக்கோட்டை மிதித்துவிட்டார். அவுட் ஆக வேண்டியது சிக்ஸர் ஆனது. புரூக் 111 அடித்தார். அன்று இரவு மாடிப்படியில் சிராஜுக்குக் கிடைத்த பட்டங்களை இந்த மலரில் அச்சிட முடியாது!

மறுநாள் திங்கள். இங்கிலாந்துக்கு 35 ரன் வேணும், நமக்கு நாலு விக்கெட் வேணும். ஒரு செல்போனைச் சுற்றி ஒன்பது தலைகள். சிராஜ் மூணு விக்கெட் எடுத்தார். ஆறே ரன்னில் ஜெயித்தோம்! அதே மாடிப்படியில் அதே சிராஜ் தெய்வமாகிவிட்டார். ஒரு ராத்திரிக்குள் அவர் பந்துவீச்சில் என்ன மாறியது? ஒன்றும் மாறவில்லை. அந்தத் தொடரின் ஐந்து டெஸ்டிலும் ஆடி, 180 ஓவருக்கு மேல் போட்டவர் அவர். ஞாயிற்றுக்கிழமையும் அவர் அவர்தான்.

சிராஜைத் தூக்கி வைத்ததும் அடுத்த வழக்கு பும்ரா மேல் வந்தது. ஐந்து டெஸ்டில் மூன்றில் மட்டுமே ஆடினார். நாம் ஜெயித்த பர்மிங்ஹாம், ஓவல் இரண்டிலும் அவர் இல்லை. "உடம்பு நோகாம வெளையாடணும்னா டெஸ்ட் எதுக்கு?" என்றார் தலைவர். குழுவே கைதட்டியது.

அந்த வாரக் கடைசியில் சேலத்துக்கு, வீட்டுக்குப் போயிருந்தேன். என் அப்பா செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மண்டியில் மூட்டை தூக்குபவர். பள்ளிக்கூடம் போனதில்லை. கிரிக்கெட்டில் ஒரு பக்கத்துக்கு எத்தனை பேர் என்றுகூட அவருக்குத் தெரியாது. நான் போனில் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தவர், "அந்தப் பையனுக்கு என்ன கண்ணு, எல்லாரும் திட்டறீங்க?" என்றார்.

சொன்னேன். ஆஸ்திரேலியாவில் ஒரே தொடரில் 150 ஓவருக்கு மேல் போட்டு 32 விக்கெட் எடுத்தார். கடைசி டெஸ்டில், சிட்னியில், முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டாவது இன்னிங்ஸில் ஒரு பந்துகூடப் போட முடியவில்லை. அதற்கு முன்பே 2023-ல் முதுகில் ஆபரேஷன் ஆனவர்.

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "முதுகு ஆபரேஷன் பண்ணவன் மூணு நாள் தூக்கினதே பெருசு கண்ணு. எங்க மண்டியில ஒருத்தன் இருந்தான். ஒரே நாள்ல நூறு மூட்டை எறக்குவான். மொதலாளி எல்லாம் அவனத்தான் கேப்பாங்க. நாலே வருஷம். இப்ப கேட்டுல ஒக்காந்து லாரி நம்பர் எழுதறான். எத்தன தூக்கினான்னு எல்லாரும் கேப்பாங்க. இன்னும் எத்தன தூக்க முடியும்னு யாரும் கேக்க மாட்டாங்க."

சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். அவர் முதுகில் அம்மா தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். என் செமஸ்டர் ஃபீஸ் அந்த முதுகில் ஏறித்தான் வருகிறது. எங்கள் குடும்பத்தில் மூட்டை தூக்காமல் பிழைக்கப்போகும் முதல் ஆள் நான். அதனால் அப்பா சொன்னது எனக்கு வெறும் கிரிக்கெட் பேச்சாகப் படவில்லை.

அதுமுதல் குழுவில் யார் பெயர் வந்தாலும் நான் கேட்பது ஒன்றுதான்: இந்த ஆள் மேல் எவ்வளவு சுமை ஏற்றினோம்?

2025 நவம்பரில் தென்னாப்பிரிக்கா வந்தது. கொல்கத்தாவில் 124 அடித்தால் வெற்றி. 93-ல் சுருண்டோம். குவஹாத்தியில் 408 ரன் வித்தியாசத்தில் தோல்வி. "வாஷிங்டன் சுந்தரைத் தூக்கு" என்று சத்தம். அவரைக் கொல்கத்தாவில் மூன்றாவது ஆளாக இறக்கினார்கள். அடுத்த டெஸ்டிலேயே எட்டாவது ஆள்! ஒருத்தனை இன்னிக்கு லேத்திலும் நாளைக்கு வெல்டிங்கிலும் நிறுத்தினால் எதில் கை பழகும்? இத்தனைக்கும் அதே ஜூலையில் மான்செஸ்டரில் ஜடேஜாவோடு நின்று, சதமடித்து, தோற்க வேண்டிய டெஸ்டை டிரா ஆக்கியவர் அவர்.

எங்கள் மாவட்டத்து நடராஜனையும் சொல்ல வேண்டும். சின்னப்பம்பட்டிக்காரர். வலைப்பயிற்சியில் பந்து போடத்தான் ஆஸ்திரேலியாவில் இருந்தார். பெரிய பவுலர்கள் எல்லாம் காயம்பட்டு உட்கார்ந்ததால், 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்டில் இறங்கினார். முதல் இன்னிங்ஸில் மூன்று விக்கெட். அந்த டெஸ்டையும் தொடரையும் நாம் வென்றோம். சில மாதத்தில் அவருக்கு முழங்காலில் ஆபரேஷன். அவரது டெஸ்ட் கணக்கு அந்த ஒன்றோடு நிற்கிறது. ஆனாலும் சொந்த ஊரில் பிள்ளைகளுக்கு ஒரு மைதானம் அமைத்தார். 2023-ல் அது திறக்கப்பட்டது. ஆவரேஜ் கணக்கில் இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

நம் அணிக்கு எதிர்காலம் இருக்கிறதா என்றால், இருக்கிறது என்றே நான் சொல்வேன். கில், ஜெய்ஸ்வால், பந்த், வாஷிங்டன் என்று ஆள் பஞ்சம் இல்லை. சுழலுக்கு எதிராகக் கால் நகர்த்தப் பழக வேண்டும். வேகப்பந்து ஆட்களை முறை வைத்து இறக்க வேண்டும். ஒரே முதுகில் எல்லா மூட்டையையும் ஏற்றக்கூடாது. இவ்வளவுதான்.

தலைவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. "உங்கப்பாவை செலக்டர் ஆக்கிடலாமாடா?" என்று கிண்டல் செய்கிறார்.

ஆக்கலாம்தான். ஆனால் அவருக்கு லீவு கிடைக்காது!