ஆயத்தம்

ஐக்கிய அமெரிக்காவின் யூட்டா மாகாணத்து மார்மன் வாலிபன் ஒருவன் மிஷனெரி ஊழியத்திற்கு ஆயத்தமாகும் வகையை எண்ணுந்தோறும் என் மனம் வியப்பெய்துகின்றது. 2012-ஆம் ஆண்டு முதல் அவன் 18 வயதிலேயே புறப்படலாம். ஊழியக் காலம் 2 ஆண்டுகள், ஊதியமில்லை, செலவிற்கு அவனும் குடும்பத்தாரும் பொருள் சேர்த்தல் வேண்டும். செல்லுமிடத்தைத் தெரிந்துகொள்வதும் அவனல்லன். சால்ட் லேக் நகரத்துத் தலைமையகமே குறித்தனுப்பும். அயல்மொழி வேண்டப்படின், அதனைச் சில வாரப் பயிற்சியிற் கற்கத் தொடங்குவான்.

இவற்றினும் அரியதொன்று உண்டு. தந்தையும் தமையனும் சென்றுவந்த இல்லத்தில், "நீ எப்பொழுது?" என்று சுற்றத்தார் வினவுகையில், "இது என் விருப்பமோ, இவர்கள் விருப்பமோ?" எனத் தன்னைத் தனித்திருந்து கேட்டலே அது. வீட்டார் தெரிந்தளித்த பாடத்தைக் கற்கும் எனக்கு அவ்வினா அயலானதன்று. போவானாயினும் நிற்பானாயினும், அதற்கு மெய்யாக விடையிறுத்தவனே ஆயத்தமானவன் என்பது என் துணிபு.