காலால் அடிக்கும் பலகை

போர்ட் பிளேயரிலிருந்து வண்டூர் போகும் சாலையில் உள்ளது சிப்பிகாட். அலையாத்தி மரங்கள் நிற்கும் உப்பங்கழி ஓரத்துக் கிராமம். 2004 சுனாமியை உண்டாக்கிய நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் தாழ்ந்ததால், இங்கிருந்த வயல்களில் கடல்நீர் ஏறித் தங்கிவிட்டது. நெல் விளைந்த இடத்தில் இன்று நீர்ப்பறவைகள் மேய்கின்றன. ஆங்கிலேயர் 1858-இல் கைதிகளைக் கொண்டுவந்து குடியேற்றும் முன், இந்தப் பகுதி பெரிய அந்தமானியர் என்னும் பழங்குடியினரின் அகா-பியா குழுவுக்குரியதாக இருந்தது.

அவர்களிடம் இருந்த இசைக்கருவி புகுட்டா என்னும் மரப்பலகை. நம் வேங்கைக்கு உறவான படாக் மரத்தில் கேடய வடிவில் அறுத்து, உட்புறம் குழியும்படி வாச்சியால் செதுக்குவார்கள். நீளம் சுமார் 5 அடி, அகலம் 2 அடி. குழிந்த பக்கத்தைக் கவிழ்த்து, கூரிய முனையை மண்ணில் பதித்து, நழுவாமலிருக்க அடியில் கல் வைப்பார்கள். ஒரு காலால் பலகையை அமுக்கிக்கொண்டு மறுகாலால் அடிக்க, உள்ளிருக்கும் காற்று அதிர்ந்து ஓசை பெருகும்.

பலகையில் நிற்பவரே பாடகர். பெண்கள் வரிசையாகக் கால் நீட்டி உட்கார்ந்து, தொடைகளுக்கு இடையிலுள்ள குழிவில் கைகளால் தட்டிப் பின்பாட்டு பாடுவார்கள். அந்தத் தாளத்துக்கு ஆண்கள் ஆடுவார்கள். இந்த இசையைப் பற்றி ஆங்கிலேய அதிகாரி எம்.வி. போர்ட்மன் 1888-இல் கட்டுரை எழுதினார். 1906 முதல் 1908 வரை தீவுகளில் ஆய்வு செய்த மானிடவியலாளர் ராட்க்ளிஃப்-பிரௌன், பாட்டு பிறக்கும் விதத்தை விவரித்தார்.

ஓடம் குடையும்போதோ வில் செதுக்கும்போதோ ஒருவர் தனக்குள் முணுமுணுத்தபடி பாட்டைக் கட்டுவார். மனத்துக்குப் பிடிக்கும்வரை அதையே திரும்பத் திரும்பப் பாடிப் பார்ப்பார். ஆட்டத்துக்கு முன் ஓரிரு பெண்களுக்குப் பின்பாட்டைச் சொல்லிக்கொடுப்பார். வேட்டை, ஆமை பிடித்தல், ஓடம் என்று அன்றாட வேலைகளே பாடுபொருள். ஒருவர் கட்டியதை இன்னொருவர் பாடும் வழக்கம் இருக்கவில்லை. ஒவ்வொருவரும் தமக்கெனப் பாட்டுக் கட்டினர். சடங்கிலும் ஆட்டத்துக்கு இடமிருந்தது. துக்கம் காப்பவர் ஆடுவதில்லை; துக்கத்தை முடித்துவைத்ததும் ஆட்டமே.

இப்படிப் பாடி ஆடிய பெரிய அந்தமானியரில், 1961 கணக்கெடுப்பின்போது 19 பேரே எஞ்சியிருந்தனர். பிறகு அரசு அவர்களை ஸ்ட்ரெய்ட் தீவில் குடியமர்த்தியது. மொழியியலாளர் அன்விதா அப்பி 2005 முதல் அவர்களின் மொழிகளை ஒலி, ஒளி வடிவில் பதிவு செய்தார். அவற்றுள் ஒன்றான போ மொழியைப் பேசிய கடைசி மனிதரான போவா சீனியரும் அவரிடம் பாடினார். போவா சீனியர் 2010 ஜனவரி 26-இல் மறைந்தார். 2021-இல் அப்பி வெளியிட்ட தொகுப்பில் 10 கதைகளும் 46 பாடல்களும் உள்ளன.

பதிவுக்கருவி ஒரு பாட்டை அதன் குரலோடு காத்துத் தருகிறது. ஆனால் இந்த மரபின் விதி, கேட்டதைத் திரும்பப் பாடுவதன்று; ஆளுக்கொரு புதுப்பாட்டு கட்டுவது. அந்த வழக்கம் நீடிக்க, தலைமுறைதோறும் பலகைமேல் ஏறி நின்று சொந்தப் பாட்டைப் பாடுபவர்கள் வேண்டும்.