மாரிக்கு ஏற்ற மூச்சு

மாரி தொடங்கினால் ஈச்சிலம்பற்றில் எங்கள் மூச்சுப் பயிற்சிக்கு ஆள் குறைந்துவிடும். வெருகல் ஆறு பெருகும், வீதியில் வெள்ளம் நிற்கும், வயதானவர்களுக்குத் தொய்வு இழுக்கும். வந்திருந்த சிலருக்கு சிகோங் என்ற சீன மூச்சுப் பயிற்சியின் குளிர்காலக் குறிப்பொன்றை வாசித்துக் காட்டினேன்: நேரத்துக்குப் படுங்கள், வெயில் வந்த பிறகே எழும்புங்கள், வியர்க்கும்வரை செய்யாதீர்கள், உள்ளங்கைகளை உரசிச் சூடாக்கி இடுப்பின் பின்புறம் வையுங்கள். கேட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மா, “மார்கழியில இஞ்ச வெயில் எங்க மகன் வருது? அதுமட்டும் படுத்துக் கிடந்தா மாடு கண்ட ஆர் பாக்கிறது?” என்றார். அந்த விதி எந்த ஊரில் பிறந்தது என்று தேட வைத்தவர் அவர்தான்.

விசாரித்தவர்களில் பலர் காஞ்சிபுரத்தையே காட்டினார்கள். அங்கிருந்து சீனாவுக்குப் போனதாகச் சொல்லப்படும் துறவி போதிதர்மர் கொண்டுபோய்க் கொடுத்தது என்றார்கள். 2011இல் ‘7ஆம் அறிவு’ படம் வந்தபின் அந்த நம்பிக்கை இன்னும் இறுகிவிட்டது. அவர் பெயரில் வழங்கும் ‘யி ஜின் ஜிங்’ என்ற பயிற்சி நூலைத் தேடினால், அதன் பின்னுரையில் உள்ள ஆண்டு 1624. அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டு பிந்தியது. மறுபுறம், சீனாவின் மவாங்துயில் கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையொன்றை 1973இல் தோண்டியபோது ஒரு பட்டுத் துணி கிடைத்தது. கை நீட்டியும் இடுப்பு வளைத்தும் பயிற்சி செய்யும் 44 உருவங்கள் அதில் தீட்டப்பட்டிருக்கின்றன. போதிதர்மர் பிறக்கும் முன்பே சீனர்களிடம் இந்தக் கலை இருந்திருக்கிறது. அவர்களுடைய பெருமையை நாம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

குளிர்கால விதியின் வேர் சீன மருத்துவத்தின் மூலநூலான ‘ஹுவாங்தி நெய்ஜிங்’. அதன் இரண்டாம் இயல் பருவத்துக்குப் பருவம் வாழும் முறையைச் சொல்கிறது. தண்ணீர் உறைந்து நிலம் வெடிக்கும் மாதங்களில் உடம்பின் சூட்டைச் சேமிக்கச் சொன்னது முற்றிலும் சரி. ஈச்சிலம்பற்றிலோ வெப்பம் 22 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. இங்கே உடம்பை வருத்துவது ஈரமும் வாடைக்காற்றும், அதனால் நெஞ்சில் கட்டும் சளியும்.

அதற்கான விடை திருமந்திரத்திலேயே இருந்தது. யோகப் பயிற்சியைக் காலையில் செய்தால் பித்தம் தணியும், நண்பகலில் வாதம், அந்தியில் ஐ, அதாவது கபம் என்று மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் நேரம் பிரித்துவைத்திருக்கிறார். கேரண்ட சம்ஹிதை என்ற யோக நூல் இன்னும் கண்டிப்பானது: புதியவர்கள் மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் யோகத்தைத் தொடங்கவே கூடாது, இளவேனிலிலோ கூதிரிலோதான் தொடங்க வேண்டும் என்கிறது.

இப்போது மாரியில் எங்கள் பயிற்சி அந்திக்கு மாறிவிட்டது. சீமெந்துத் தரையில் சாக்கு விரித்து அதன்மேல் பாய் போடுகிறோம்; வாடை அடிக்கும் பக்கத்து யன்னலை மட்டும் சாத்துகிறோம். உள்ளங்கையை உரசி இடுப்பில் வைக்கும் சீன முறையை விடவில்லை. முதுகு பிடித்த கிழவர்கள் அதைத்தான் கேட்டு வாங்கிச் செய்கிறார்கள்.

திருமூலர் சொன்ன மூச்சுக் கணக்கு பதினாறு மாத்திரை இழுத்து, அறுபத்துநான்கு அடக்கி, முப்பத்திரண்டு விடுவது. தொய்வோ இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் தயவுசெய்து அந்த நடுப்பகுதியைத் தொடாதீர்கள். மெதுவாக இழுத்து மெதுவாக விடுங்கள், அது போதும்.