இரைச்சல் என்றிருந்தோம்

வெள்ளவத்தையிலே கடற்பக்கமாக அமைந்த எமது வீட்டிற்கு இரண்டு சத்தங்கள் பழக்கமானவை. ஒன்று கடல், மற்றது புகையிரதம். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்திலே மூன்றாவது சத்தம் ஒன்றும் வந்து சேர்ந்தது. நிலத்துக்கடியில் யாரோ ஓயாமல் உலக்கை போடுவது போன்ற சத்தம் அது. எமது தமக்கையாரின் புதல்வன், உயர்தர வகுப்பிற் படிப்பதற்காக யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன், அதைத் தன் மடிக்கணினியிலே கொண்டு வந்தான். அத்தான் காலமாகி அப்பொழுது நான்கு மாதங்களே ஆகியிருந்தன.

நாம் வானொலிக் கச்சேரி கேட்டு வளர்ந்தவர்கள். காலையிலே நாதஸ்வரம் கேளாவிட்டால் எமக்குத் தேநீர் இறங்குவதில்லை. எனவே, "தம்பி, இதென்ன இரும்புக்கடைச் சத்தம்?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டோம். பையன் மறுமொழி சொல்லவில்லை. அன்று முதல் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். வீடு அமைதியாயிற்று, அவனும் அமைதியானான். சாப்பிட அழைத்தால் வருவான், தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போவான். பெரியவர்கள் அதனை அடக்கம் என்று மெச்சினர். நாமும் மெச்சினோம் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

புரட்டாதியிலே அத்தானின் ஆட்டைத் திவசம் நெருங்கிற்று. ஓரிரவு தண்ணீர் குடிக்க எழுந்தபோது பையனின் அறையில் வெளிச்சங் கண்டு எட்டிப் பார்த்தோம். திரையிலே ஒரு தேவாலயம், அழுகின்ற சனம், நடுவிலே இரண்டு சிறிய பிரேதப் பெட்டிகள். எமக்கு நெஞ்சு திடுக்கிட்டது.

"திவசத்துக்கு ஒரு கிழமை இருக்கேக்கை செத்த வீட்டையோ பாத்துக்கொண்டிருக்கிறாய்?" என்று அதட்டினோம்.

பையன் கணினியை மூடினான். இருட்டிலே அவன் முகம் தெரியவில்லை. நாம் போய்ப் படுத்தோம், உறக்கம் வரவில்லை.

காலையில் மனைவியார் சொன்னார்: "அவன் வெறும் பாட்டுக் கேக்கிறேல்லை, படமும் சேத்துத்தான் பாக்கிறான். ஒரு நாளைக்குப் பக்கத்தில இருந்து பாருங்கோவன்."

அன்று மாலை பையனிடம் சென்று, "எமக்கும் காட்டு" என்றோம். அவன் எம்மை ஐயத்தோடு பார்த்தான். பிறகு, இந்த மனிதருக்கு எது தாங்கும் என்று எண்ணினான் போலும், ஒரு புகையிரதப் படத்தைப் போட்டான். கெமிக்கல் பிரதர்ஸ் என்னும் ஆங்கிலேய இரட்டையரின் 'ஸ்டார் கிற்றார்'. 2002 இல் மிஷேல் கொன்ட்றி எடுத்த படம். புகையிரத யன்னலூடாகத் தெரியும் பிரான்சு நாட்டுக் காட்சி. அவ்வளவுதான். கம்பங்கள், தொழிற்சாலைகள், பாலங்கள். "என்னடா, எமது கடற்கரை வண்டியிலேயும் இதைப் பார்க்கலாமே" என்றோம். "பொறுங்கோ மாமா" என்றான். சற்றுப் பொறுத்தபின் கண் திறந்தது. ஒவ்வொரு அடிக்கும் ஒரு கட்டடம் வருகிறது. ஒரு புதிய ஓசை சேர்ந்தால் ஒரு புதிய கம்பம் சேர்கிறது. ஓசை போனால் கம்பமும் போகிறது. உலக்கைச் சத்தம் என்று நாம் கண்டது தாளக்கட்டு என்பதைக் காது சொல்லாமற் கண்தான் சொல்லிற்று!

"இது பெரிய கொம்பனிக்காரரின்ரை. நான் பாக்கிறது சின்ன ஆக்களின்ரை" என்றான் பையன். அன்று தொடங்கிய பாடம் ஒரு கிழமை நடந்தது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் வாத்தியார் அவன், மாணவர் நாம்.

சின்ன ஆட்கள் என்றது, பெருங் கொம்பனிகளைச் சாராமல் இலத்திரனியல் இசையும், தாளத்தோடு சொல்லுதிர்க்கும் ஹிப்ஹொப்பும் செய்பவர்களை. விளம்பரத்துக்குப் பணம் இல்லாத இவர்களுக்குப் படமே துணை. கடை திறக்க முதலில்லாதவன் கடகத்தைத் தலையிற் சுமந்து வாசலிலே வந்து கூவுவதில்லையா, அது போல. 1981 இல் தொடங்கிய எம்.டி.வி. தொலைக்காட்சியிலே இடம் பிடிப்பது இவர்களுக்கு எளிதாயிருக்கவில்லை. 2005 இல் யூடியூப் வந்தபின் வாசல்கள் பெருகின. பையன் கற்பித்த வழி இது: படம் பிடித்திருந்தால் எடுத்தவரின் பெயரைப் பார், அவர் வேறு யாருக்கு எடுத்தார் என்று தேடு, அந்தப் பாடகரை வெளியிட்ட சிறு கொம்பனி எதுவென்று பார், அங்கே இன்னும் பத்துப்பேர் இருப்பார்கள்.

அப்படித்தான் இலண்டனின் நிஞ்ஜா டியூன் என்னும் சிறு நிறுவனம் எமக்கு அறிமுகமாயிற்று. அதை 1990 இல் நிறுவிய கோல்ட்கட் என்னும் இருவர், ஹெக்ஸ்டாற்றிக் குழுவினரோடு சேர்ந்து செய்த 'ரிம்பர்' என்ற பாட்டிலே வாத்தியம் என்று தனியாக ஏதும் தேடவேண்டியதில்லை. மரம் அரியும் வாளின் படம் வரும்போது அதன் ஓசையே தாளம். மரம் சாயும் படமே அடி. காடழிப்பைப் பற்றிய பிரசங்கம் ஒரு சொல்லுமில்லை. ஆயினும் அன்றிரவு அந்த வாள் எம் காதிலே அரிந்துகொண்டே இருந்தது.

'மட்வில்லன்' இருவரின் 2004 ஆம் ஆண்டுப் பாட்டொன்றைச் சித்திரக்கதைப் புத்தகம் போலக் கட்டங் கட்டமாக வரைந்திருந்தார்கள். உலோக முகமூடி அணிந்து பாடும் எம்.எப். டூம் என்பவரைக் கண்டது அதிலேதான். அவர் 2020 ஒக்டோபர் 31 இல் காலமானார். உலகுக்கு இரண்டு மாதம் கழித்தே தெரிந்ததாம். சிறுமியாக யாழ்ப்பாணத்தில் வாழ்ந்து இலண்டன் சென்ற மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., தம் முதற் பாட்டு 'கலாங்'கை 2003 இல் ஐந்நூறு தட்டுகளாகவே வெளியிட்டார் என்பதும், அதன் படத்திலே பின்னணியாக நிற்பவை அவர் தாமே அச்சுவெட்டி வரைந்த சித்திரங்கள் என்பதும் எமக்குப் புதிய செய்தி.

எல்லாம் எமக்குப் பிடித்தன என்று பொய் சொல்லமாட்டோம். ஏபெக்ஸ் ருவின் என்பவரின் 1997 ஆம் ஆண்டுப் படமொன்றிலே தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து ஒரு பேயுருவம் வெளிவந்து ஒரு கிழவியின் முகத்துக்கு நேரே அலறுகிறது. மனைவியார் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். பையன் சிரித்தான். அவன் சிரித்து நாம் கண்டு எத்தனை மாதம்! ஹிப்ஹொப்பிலே வசையும் பகட்டும் மலிந்த படங்களும் உண்டு. அவற்றைப் பையன் தானாகவே தாண்டிப் போனான்.

நிற்க. திவசத்துக்கு ஊர் செல்லும் முதல் நாளிரவு, நாம் கேளாமலே அந்தப் பிரேதப் பெட்டிப் படத்தைப் போட்டான்.

பாட்டு 'நெவர் கச் மீ'. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துப் பிளையிங் லோட்டஸ் என்பவரின் இசை. கென்ட்ரிக் லாமர் சொல்லுதிர்க்கிறார். 2014 இல் ஹிரோ முராய் எடுத்த படம். ஒரு சிறுவனும் ஒரு சிறுமியும் பெட்டிகளிலே கிடக்கிறார்கள். பெரியவர்கள் அழுகிறார்கள். திடீரென்று பிள்ளைகள் எழுந்து ஆடத் தொடங்குகிறார்கள். என்ன ஆட்டம்! கால் நிலத்திலே பாவவில்லை. அழுபவர் ஒருவருக்கும் அது தெரியவில்லை. ஆடிக்கொண்டே வெளியே வெயிலுக்குள் ஓடி, பிரேத வண்டியிலே தாமே ஏறி ஓட்டிக்கொண்டு போகிறார்கள். தெருப் பிள்ளைகள் பின்னால் ஓடுகிறார்கள்.

படம் முடிந்தது. நாம் பேசவில்லை.

பையன்தான் பேசினான். பிளையிங் லோட்டஸின் தாயார் 2008 இல் இறந்தார் என்றும், ஆஸ்பத்திரியில் அவருக்குப் பூட்டியிருந்த கருவிகளின் ஓசையை அவர் பதிந்துவைத்து, 2010 இல் வந்த 'கொஸ்மோகிராமா' தொகுப்பின் கடைசிப் பாட்டிலே சேர்த்தார் என்றும் சொன்னான். அப்பாட்டின் தலைப்பிலே ஜானகி என்ற பெயர் வருகிறது. அவருடைய பாட்டியின் சகோதரி அலிஸ் கோல்ற்றேன், கலிபோர்னியாவிலே ஆச்சிரமம் அமைத்துப் பஜனை பாடிய இசைமேதை என்பதைப் பின்னர் நாமே தேடி அறிந்தோம்.

"அப்பாவின்ரை கட்டிலுக்குப் பக்கத்திலயும் அந்தச் சத்தம்தான் மாமா. பதினொரு இரவு கேட்டுக்கொண்டிருந்தனான். வீட்டை வந்த பிறகும் நிக்கேல்லை. இந்தப் பாட்டுக்குள்ள வந்தாப் பிறகுதான் நித்திரை வந்தது" என்றான்.

அந்தப் பதினொரு இரவுகளிலே நாம் பகலில் மட்டும் போய்ப் பார்த்து வந்தவர்கள். அவன் தோளிலே கை வைத்தோம்; சொல்ல எதுவும் இருக்கவில்லை. "அந்த ஜானகிப் பாட்டைப் போடு" என்றோம். போட்டான். எமக்கு முழுவதும் விளங்கிற்று என்று சொல்லமுடியாது. இடையிலே மனைவியாரும் வந்து கதவோரத்தில் நின்றார்.

மறுநாட் காலை யாழ்ப்பாண வண்டி. யன்னலோரத்தில் எம்மை இருத்தி, சிறிய ஹெட்போன் ஒன்றின் ஒரு பக்கத்தை எம் காதிலும் மறுபக்கத்தைத் தன் காதிலும் வைத்தான். அநுராதபுரம் தாண்டும்வரை நாம் உறங்கிவிட்டோம். வவுனியாவுக்கு அப்பால் அவன் முழங்கையால் இடித்து எழுப்பினான்.

"மாமா, கம்பங்களைப் பாருங்கோ. நாலுக்கு ஒண்டு வருது."

பார்த்தோம். ஒத்துத்தான் வந்தது, சில இடங்களிலே வண்டி தாளந் தப்பிற்று. பனைகள் தொடங்கும்வரை இருவரும் எண்ணிக்கொண்டே போனோம்.