சைமன்சனின் டர்பன்டைன்

கவிஞனின் வாழ்க்கையை எழுதுகிறவனுக்குக் கையில் வரிகளாவது இருக்கும். ரசாயன ஆசிரியர் ஒருவரின் வாழ்க்கையை எழுத உட்கார்ந்தால் கிடைப்பவை கொதிநிலை, அடர்த்தி, உருகுநிலை. ஜான் லயனல் சைமன்சன் விஷயத்தில் இவையே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அவற்றுக்கு வருமுன் வேறொரு கணக்கைத் தீர்க்க வேண்டும்.

1884இல் மான்செஸ்டரை ஒட்டிய லெவன்ஷல்மில் டேனிஷ் குடும்பத்தில் பிறந்தவர். இளைய பெர்கினிடம் ஆராய்ச்சி பயின்றார். 1910இல் சென்னை மாநிலக் கல்லூரிக்கு ரசாயனப் பேராசிரியராக வந்தார். வயது 26. இந்த இடத்தைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். எடின்பரோவில் டி.எஸ்ஸி. பட்டம் வாங்கித் திரும்பிய பிரபுல்ல சந்திர ராய்க்கு 1889இல் கல்கத்தாவில் கிடைத்தது தற்காலிக உதவிப் பேராசிரியர் வேலை. மாதம் 250 ரூபாய். மேல்நிலைக் கல்விப் பணி நடைமுறையில் வெள்ளையருக்கு என்று ஒதுங்கியிருந்தது. சைமன்சன் உட்கார்ந்த நாற்காலியின் கால்கள் இந்த அநீதியின் மேல்தான் ஊன்றியிருந்தன. அவர் அதைச் செய்யவில்லை, உட்கார்ந்தார். இதைச் சொல்லாமல் அவரைப் புகழ்வது பொய். இதை மட்டும் சொல்லிவிட்டு எழுந்துபோவது சோம்பல்.

சென்னையில் அவரைத் தனிமை பிடித்திருக்க வேண்டும். கோஷா ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை டாக்டராக இருந்த ஜேனட் ஹென்ட்ரியை 1913இல் மணந்தார். அது வேறு விஷயம். நான் சொல்வது தொழில் சார்ந்த தனிமை. செய்வதைச் சொல்லிக் காட்ட, மறுத்துப் பேச, பக்கத்தில் ஆள் இல்லாத நிலை. லக்னோவில் கானிங் கல்லூரியில் இருந்த மக்மஹோனும் இதே நிலையில் இருந்தார். பிரிட்டனில் நடப்பதுபோல் இங்கேயும் விஞ்ஞானிகள் ஆண்டுக்கொரு முறை கூடினால் என்ன என்று இருவரும் கடிதங்கள் அனுப்பினார்கள். 1914 ஜனவரியில் கல்கத்தாவில் ஆசியாட்டிக் சொசைட்டி கட்டிடத்தில், அசுதோஷ் முகர்ஜி தலைமையில், இந்திய விஞ்ஞான காங்கிரஸ் முதல் முறையாகக் கூடியது. வந்தவர்கள் 105 பேர், கட்டுரைகள் 35. படித்தபோது சிறுபத்திரிகைச் சந்தாப் பட்டியல் ஞாபகம் வந்தது. அடுத்த ஆண்டு சென்னையில் கூடினார்கள். 1920இல் அதே சபைக்குத் தலைமை வகித்தவர் ராய். சரித்திரம் சில சமயம் இப்படிச் சிறிய அளவில் பதில் சொல்கிறது. நாற்காலியின் கணக்கு இதனால் தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன்.

முதல் உலகப் போர் அவரை எண்ணெய்களின் பக்கம் திருப்பியது. அரசின் யுத்தத் தளவாட வாரியம் எண்ணெய்கள் பற்றிய பொறுப்பை அவருக்குக் கொடுத்தது. 1919இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்திற்குப் போனார். அவருடைய வாழ்வின் மையம் இங்கேதான் இருக்கிறது, மேடையிலும் பதவியிலும் இல்லை.

இமயமலைச் சரிவுகளில் வளரும் சீர் பைன் மரத்தைக் கீறிப் பால் எடுத்து வடித்தால் டர்பன்டைன் வரும். மிஞ்சுவது வயலின்காரர்கள் வில்லில் தேய்க்கும் ரோசின். அமெரிக்க, பிரெஞ்சு டர்பன்டைன்களில் பெரும்பகுதி பைனீன் என்னும் பொருள். பைனீனுக்கு மதிப்பு உண்டு, அதிலிருந்து சூடம் செய்யலாம். நான் இருக்கும் திருவண்ணாமலையில் பௌர்ணமி இரவுகளில், 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில், எட்டு லிங்கங்களின் முன்னும் எரிகிற சூடத்தில் பெரும்பகுதி கற்பூர மரத்தில் விளைந்ததல்ல. டர்பன்டைன் பைனீனைத் தொழிற்சாலையில் மாற்றிச் செய்தது. பக்தருக்கு இதனால் ஒன்றும் குறையவில்லை. மிச்சமில்லாமல் எரிந்தால் சரி.

இந்திய டர்பன்டைனில் பைனீன் குறைவு. ஆகவே சந்தையில் அது மட்டரகம். மட்டம் என்று தீர்ப்பு வந்தபின் யாரும் உள்ளே பார்ப்பதில்லை. நம் விமர்சனத்தில் தினமும் நடப்பது இது. சைமன்சன் தீர்ப்பை மறுக்கவில்லை. பைனீன் இல்லையென்றால் வேறு என்னதான் இருக்கிறது என்று பார்த்தார். பகுதி பகுதியாக வடித்து, 1920இல் இரண்டு பொருள்களைப் பிரித்து எடுத்தார். ஒன்று காரீன். மற்றொன்று அதைவிட உயர்ந்த வெப்பத்தில் கொதிக்கும் லாங்கிஃபோலீன். 15 கார்பன் அணுக்கள், 24 ஹைட்ரஜன் அணுக்கள். அந்த அணுக்கள் எப்படிக் கோத்திருக்கின்றன என்பது பிடிபடவில்லை. பிடிபடாததை ஊகத்தால் நிரப்பாமல், தெரிந்த குணங்களை எழுதி வைத்தார். அமைப்பு தெளிவானது 1953இல், எக்ஸ்ரே வழியாக, வேறு ஆட்களின் கையால். அப்போது அவருக்கு 69 வயது. முப்பத்துமூன்று ஆண்டுகள் ஒரு கேள்வி திறந்தே இருக்க விட்டுவைப்பதற்கு ஒரு தைரியம் வேண்டும். நம்மில் பலருக்கு ஒரு கவிதைத் தொகுப்பை முப்பத்துமூன்று நிமிஷம் திறந்து வைத்திருக்கப் பொறுமை இல்லை.

பெயரில் ஒரு வேடிக்கை. லாங்கிஃபோலியா என்றால் நீண்ட இலையுடையது. சென்னை ராஜதானியில் வேலை பார்த்த ராக்ஸ்பர்க் சீர் பைனுக்கு இட்ட பெயர். அந்தப் பெயர் ஏற்கெனவே வேறொரு பைனுக்குப் போய்விட்டது என்று கண்டு, மரத்தை ராக்ஸ்பர்கியை என்று மாற்றிவிட்டார்கள். தாவரவியலில் மரம் பெயரை இழந்தது. அதன் எண்ணெய்க்குள் மட்டும் பழைய பெயர் இருக்கிறது.

மற்றவை சுருக்கமாக. 1925 முதல் 1928 வரை பெங்களூர் விஞ்ஞானக் கழகம். 1928இல் தாமே தொடங்கிவைத்த காங்கிரசுக்குத் தலைமை. பிறகு வேல்ஸில் பேங்கர் கல்லூரி. 1932இல் ராயல் சொசைட்டி. 1949இல் சர் பட்டம். டெர்பீன்களைப் பற்றிய பெரிய நூல் முதலில் இரண்டு தொகுதிகளாக வந்து, திருத்திய பதிப்பில் ஐந்தாக வளர்ந்தது. மூன்றாம் தொகுதியில் கூட ஆசிரியராக இருந்த பார்ட்டன் பின்னால், 1969இல், நோபல் பரிசு பெற்றார். சைமன்சன் 1957இல் இறந்தார்.

லாங்கிஃபோலீனைத் திரும்பக் கையில் எடுத்து, அமிலம் பட்டால் அது எப்படியெல்லாம் உருமாறுகிறது என்று பல ஆண்டுகள் பார்த்தவர்களில் முக்கியமானவர் சுக் தேவ். அவர் தொடங்கியது சைமன்சன் பாடம் நடத்திய அதே பெங்களூர்க் கழகத்தில்.