தாத்தா போன சிறைவழி – 5: ரபால்

சென்ற இதழிலே வாசகர்களைச் சிங்கப்பூரின் ஃபாரர் பார்க் மைதானத்தில் விட்டுவந்தேன். 1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி ஆங்கிலேயர் சரணாகதி அடைந்து, இரண்டு நாட்கள் கழித்து, கர்னல் ஹன்ட் என்ற அதிகாரி ஏறக்குறைய 45,000 இந்தியச் சிப்பாய்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தாரே, அந்த மைதானத்திலிருந்து காப்டன் மோகன் சிங்கின் அழைப்பை ஏற்று இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தவர்களும் உண்டு. சேராமல் நின்றவர்களும் உண்டு. பட்டாளத்து வண்டிப் பிரிவிலே டிரைவராயிருந்த என் தாத்தா சேராதவர்.

வேலூரைச் சுற்றியுள்ள எங்கள் பக்கத்துக் கிராமங்களிலே பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பாத வீடு அபூர்வம். ஆயினும் நேதாஜியின் படத்தை மாட்டாத வீடும் எங்கள் தெருவில் இல்லை. பள்ளிக்கூடத்திலே சுதந்திரப் போராட்டப் பாடம் நடந்த நாளில், "ஏன் தாத்தா, நீங்க அந்தப் படையில சேரல?" என்று நான் கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. "ஒருக்கா சத்தியம் பண்ணியாச்சுடா. மறுபடியும் பண்ண எனக்கு இன்னொரு நாக்கா இருக்குது?" என்றார். அதற்குமேல் ஒரு வார்த்தையும் பெயரவில்லை.

சேராதவர்களைக் கூலிப் படைகளாகப் பிரித்து, தெற்குக் கடல் தீவுகளுக்குக் கப்பலேற்றினார்கள். சரக்கு அடைக்கும் அடித்தட்டிலே மனிதரை அடைத்துக்கொண்டு சென்ற அக்கப்பல்களில் கைதிகள் இருப்பதை அறிவிக்கும் அடையாளம் ஏதும் கிடையாது. 1943ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதி, நியூ கினிக்கு வடக்கே, அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலான வாஹூ, பூயோ மாரு என்ற கப்பலை மூழ்கடித்துவிட்டு, படகுகளிலே தத்தளித்தவர்களையும் சுட்டது. இறந்தவர்களில் 195 பேர் இந்தியக் கைதிகள். தாத்தா ஏறியது வேறு கப்பல் என்பதால்தான் இந்தக் கட்டுரையை எழுத நான் இருக்கிறேன்.

அந்தக் கப்பல் அவரைக் கொண்டுசேர்த்த ரபாலைப் பார்க்கப் புறப்பட்டு, போர்ட் மோர்ஸ்பியில் விமானம் மாறி, நியூ பிரிட்டன் தீவின் வடகிழக்குக் கோடியிலுள்ள டோக்குவாவில் இறங்கினேன். ரபால் நகரத்தையொட்டி இருந்த பழைய விமானத்தளம், 1994ஆம் ஆண்டு செப்டம்பரிலே தவுர்வுர், வல்கன் என்னும் இரண்டு எரிமலைகளும் ஒருசேர வெடித்தபோது, நகரத்தின் பெரும்பகுதியோடு சாம்பலுக்குள் போய்விட்டது. ஆதலால் இன்று ஜனங்களும் அலுவலகங்களும் கோக்கோப்போவிலே இருக்க, ரபால் தன் அழகிய துறைமுகத்தையும் புகை மணக்கும் மலையையும் வைத்துக்கொண்டு பாதி வெறிச்சோடிக் கிடக்கிறது.

கோக்கோப்போவிலிருந்து கடலோரமாகவே போகும் சாலையில், டோலாய் இனத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் எனக்கு வழிகாட்டியாக வந்தார். கரவியா விரிகுடா அருகே வண்டியை நிறுத்தச் சொல்லி, மலைச்சரிவிலே குடைந்திருந்த ஒரு குகைக்குள் அழைத்துச் சென்றார். கடலிலிருந்து தண்டவாளத்தின்மேல் இழுத்துவந்து ஒளித்துவைத்த இரும்புப் படகுகள், ஒன்றன்பின் ஒன்றாக, துருவேறி, இன்னும் அங்கேயே நிற்கின்றன. நேச நாட்டு விமானங்கள் நகரத்தைத் தரைமட்டமாக்கியதும், ஏறக்குறைய ஒரு லட்சம் ஜப்பானியர்கள் ஆஸ்பத்திரியும் கிடங்கும் உறைவிடமுமாகப் பூமிக்குள்ளே புகுந்துகொள்ள, அவர்களுக்காக நூற்றுக்கணக்கான மைல் நீளத்துக்குக் குடையப்பட்ட சுரங்கங்களிலே இது ஒன்று. குடைந்த கைகளிலே இந்தியக் கைதிகளின் கைகளும் உண்டு.

சுவரைத் தொட்டுப் பார்த்தேன். எரிமலைச் சாம்பல் இறுகிய மிருதுவான கல். நகத்தால் கீறினாலே உதிர்கிறது. எங்கள் ஊரில் யார் கிணறு வெட்டினாலும், ஆள் இறங்குவதற்கு முன்பு தாத்தாவைக் கூப்பிடுவார்கள். அவர் கரையிலே குந்தி, மண்ணை விரலுக்கிடையே நசுக்கி, "இது நிக்கும்" என்றோ "இது சரியும், கட்டு கொடுத்துட்டு இறங்குங்க" என்றோ சொல்வார். அவர் வாக்குப் பொய்த்ததாக யாரும் சொன்னதில்லை. வண்டி ஓட்டிய மனிதருக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று எங்கள் குடும்பத்தில் ஒருவரும் யோசித்ததில்லை. சுண்ணாம்பைப்போல் உதிரும் அந்தச் சுவரின்முன் நிற்கும்போதுதான், தலைக்குமேல் குண்டு விழ, கூரை சரியுமா நிற்குமா என்று கணித்துக் கணித்தே உயிர் பிழைத்தவருடைய கல்வி அது என்று எனக்கு விளங்கிற்று.

1944ஆம் ஆண்டின் தொடக்கத்துக்குப் பிறகு கப்பல்கள் வருவது அநேகமாக நின்றுபோயிற்று. ஜப்பானியத் தளபதி இமாமுரா தம் சைனியத்தையே தோட்டம் போட்டுப் பிழைக்கச் சொன்ன காலத்திலே, கைதிகளின் பாடு எப்படியிருந்திருக்கும் என்பதை நான் வருணிக்க வேண்டியதில்லை. 1945ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் தேதி குளோரி என்ற கப்பலின் தளத்திலே இமாமுரா சரணடைந்த பின்பு, ரபாலில் உயிரோடு மீட்கப்பட்ட இந்தியர்கள் ஆயிரக்கணக்கானோர். தாத்தா அவர்களில் ஒருவர்.

பிற்பாடு இதே ரபாலில் ஆஸ்திரேலிய ராணுவ நீதிமன்றங்கள் கூடின. சீக்கியக் கைதிகளைக் கட்டிவைத்து, முடியையும் தாடியையும் வெட்டி, பலவந்தமாகச் சிகரெட் பிடிக்கவைத்த குற்றத்துக்காக 1946ஆம் ஆண்டு ஜூலையில் மூன்று ஜப்பானியர் அங்கே விசாரிக்கப்பட்டார்கள். அடித்ததோடு மட்டுமின்றி, ஒருவனுடைய மதாசாரத்தைக் கெடுத்ததையும் குற்றமாக எண்ணிய அந்த வழக்கை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன். இத்தகைய வழக்குகளிலே எதிர்த்தரப்பு திரும்பத் திரும்பச் சொன்ன வாதம் ஒன்று உண்டு: இந்தியர்கள் யுத்தக் கைதிகளே அல்லர், தாமாக முன்வந்து ஜப்பானியருக்கு உழைக்கச் சேர்ந்தவர்கள் என்பது அது. நீதிமன்றங்கள் பொதுவாக அதை ஏற்கவில்லை. ஆனால் அந்த வாதத்தைப் படித்தபோது எனக்கு மனம் கொதித்தது. சேரமாட்டேன் என்று சொன்னதற்காகவே இந்தத் தீவுக்கு அனுப்பப்பட்டவனை, சேர்ந்தவன் என்று பதிவு செய்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

அவர் ஊர் திரும்பிய சமயத்திலோ, இந்திய தேசிய ராணுவ அதிகாரிகள்மீது டில்லிச் செங்கோட்டையில் நடந்த விசாரணையினால் தேசம் முழுவதும் அந்த ராணுவத்தின் புகழே பேச்சாயிருந்தது. அப்புகழ் முற்றிலும் நியாயமானது. தாத்தாவும் ஒருநாளும் அதைக் குறைத்துப் பேசியதில்லை. ஆனால் சொன்ன சொல்லுக்காகச் சிறையிலே மூன்று வருஷம் கிடந்தவனையும் தேசம் தன் பிள்ளையென்று சேர்த்து எண்ணியிருக்கலாம் என்றே நான் கருதுகிறேன். வெள்ளைக்காரனிடம் கொண்ட விசுவாசம் என்று அதைத் தள்ளிவிடுவது, மனிதனுடைய வாக்குக்கு நாம் வைக்கும் மதிப்பையே தள்ளிவிடுவதாகும்.

பீட்டா பாக்கா மயானம் கோக்கோப்போவுக்கு உட்புறத்திலே இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். மலேயாவிலும் ஹாங்காங்கிலும் பிடிபட்ட இந்தியச் சிப்பாய்கள் பலர் அங்கே உறங்குகிறார்கள். பெயர் தெரியாதவர்களே அநேகர். பெயர் தெரிந்த பலகைகளையெல்லாம் வரிசை வரிசையாகப் படித்துக்கொண்டே போனேன். கூடவே வந்த டோலாய்ப் பெரியவர், வெயில் ஏறிவிட்டதே என்று ஒருமுறைகூடச் சொல்லாமல், நான் நின்ற இடத்திலெல்லாம் தாமும் நின்றார்.

ரபாலில் பிழைத்தவர்களுக்குத் துணையேனும் இருந்தது. நியூ கினியின் வேவாக் பகுதிக்குக் கொண்டுபோன சுமார் 3,000 பேரிலே, ஜமேதார் சிந்த் சிங் உட்பட 11 பேர் மட்டுமே, செபிக் நதிக்கரையிலுள்ள அங்கோரமிலே 1945ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் ஆஸ்திரேலியர் கையில் மீண்டார்கள். சாட்சி சொல்வதற்காகச் சிந்த் சிங் பின்தங்க, மற்றப் பத்துப் பேரும் ஊர் திரும்பப் புறப்பட்ட விமானம் நவம்பரில் விழுந்து நொறுங்கியது. அந்த நதியையும் பார்த்துவிடத் தீர்மானித்து, வேவாக்குக்கு டிக்கெட் வாங்கினேன்.

(தொடரும்)