பீரோ சாவி மட்டும் தனியே

ஏ.ஐ. ஏஜென்ட் என்றதும், போனில் ஒரே தட்டலில் இறங்கும் இன்னொரு ஆப் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உள்ளே பார்த்தால் அது ஒரு கூட்டுக் குடும்பம். யோசிக்க ஒரு மாடல். கை கால்களாகச் சில கருவிகள்: காலண்டர் பார்க்க ஒன்று, மெயில் படிக்க ஒன்று. நேற்றுச் சொன்னதை மறக்காமலிருக்க ஒரு நினைவுக் கோப்பு. எல்லாரையும் கட்டி மேய்க்க ஒரு புரோகிராம். ஒவ்வொன்றையும் தனித்தனியே நிறுவலாம். வேண்டாமென்றால் ஒன்றை மட்டும் விட்டுவிடலாம்.

ஸ்ரீரங்கம் சித்திரை வீதிப் பக்கத்து வீடு ஒன்றில் அப்படித்தான் நடந்தது. மகளுக்கு நவல்பட்டு ஐ.டி. பூங்காவில் வேலை. அப்பாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. மாத்திரை நேரம், நவம்பரில் பென்ஷனுக்கான ஆயுள் சான்றிதழ், இரண்டு மாதத்துக்கொரு முறை கரன்ட் பில் என்று ஞாபகப்படுத்த வேண்டியவை ஏராளம்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் முதலில் ‘ஓலாமா’வை நிறுவினாள். அதன் வழியே மெட்டாவின் ‘லாமா’ மாடல் இறங்கியது. 800 கோடி அளவுருக்கள் கொண்டது. சுமார் 5 ஜிபி. கிராபிக்ஸ் கார்டு இல்லாததால் பதில் நிதானமாகத்தான் வரும். தமிழிலும் தடுமாறும். அப்பா ஆங்கிலத்திலேயே கேட்டுக்கொள்கிறார்.

கருவிகளை இணைக்க எம்.சி.பி. என்ற பொது முறை. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்டது. எந்தக் கம்பெனி மிக்ஸியையும் ஒரே பிளக் பாயின்ட்டில் சொருகுவது போலத்தான். காலண்டரைச் சொருகினாள், மெயிலைப் படிக்க மட்டும் அனுமதி கொடுத்தாள்.

"ஏம்மா, கரன்ட் பில்லையும் அதுவே கட்டிடுமா?"

"கட்ட வைக்கலாம்ப்பா. ஆனா வைக்கப் போறதில்லை."

அப்பாவுக்கு முகம் சுருங்கியது. "என் பணத்தை நான் சொல்லிக் கட்டறதுக்கு என்ன?"

கேள்வி நியாயமானதுதான். சிக்கல் வேறிடத்தில். மெயிலில் யாரோ எழுதி அனுப்பும் வாசகத்தையே கட்டளையாக எடுத்துக்கொண்டு ஏமாறும் குணம் இந்த மாடல்களுக்கு உண்டு. படிக்கும் கருவியும் பணம் கட்டும் கருவியும் ஒரே இடத்தில் இருந்தால், ஒரு மோசடி மெயில் போதும். அம்மாதான் அதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். "பால்காரர் கேட் வரைக்கும், கேஸ்காரர் அடுப்படி வரைக்கும். பீரோ சாவியை யார்கிட்டயாவது கொடுக்கறோமா?"

அடுத்த மாதம் சென்னையிலிருந்து தம்பி கேட்டான்: "அக்கா, அதை அப்படியே எனக்கும் அனுப்பு."

‘அப்படியே’ என்பதில்தான் ஆபத்து. மொத்த ஃபோல்டரையும் சுருட்டி அனுப்பினால், அப்பாவின் மாத்திரைப் பட்டியலும் மெயில் பாஸ்வேர்டும் சேர்ந்தே போய்விடும். தம்பிதானே என்று விடலாம். அவன் நண்பனுக்கு அனுப்புவான், நண்பன் இன்னொருவனுக்கு. மாடலை அவனே இறக்கிக்கொள்ளச் சொன்னாள். கருவிகளையும் புரோகிராமையும் மட்டும் அனுப்பினாள். பாஸ்வேர்டு இருந்த கோப்பைத் தொடவில்லை; நினைவுக் கோப்பு வெறுமையாகப் போனது.

சென்னையில் அது முதல் நாள் விழித்தபோது அப்பாவின் பெயர்கூட அதற்குத் தெரியவில்லை. அதில் மட்டும் அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்.